கோழிக்கூட்டின் தானியங்கிக் கதவு: தேர்வும் பயன்பாடும்

மேய்ச்சலுக்கு விட்டு வளர்க்கப்படும் கோழிகளுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை மனிதக் கை தேவைப்படுகிறது. விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்தபின் அதை மூட வேண்டும். காலை வேலை தவறினால் கோழிகள் சற்று நேரம் பசியோடு கிடக்கும். மாலை வேலை ஒரே ஒரு நாள் தவறினாலும் மறுநாள் கூட்டில் ஒரு கோழியும் மிஞ்சாமல் போகலாம். மோட்டாரும் பேட்டரியும் கொண்டு இவ்விரு வேலைகளையும் தானே செய்யும் தானியங்கிக் கதவைப் பற்றிய பேச்சில் இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கதவு எத்தனை வசதிகளோடு வருகிறது என்பதைவிட, அது மூடத் தவறும் மாலையில் என்ன நேரும் என்பதே தேர்வின் முதற்கேள்வியாக இருக்கவேண்டும். மற்ற கேள்விகள் எல்லாம் அதன்பின் வருபவை.

இக்கதவு பரவலாகப் புழங்குவது பிரிட்டன், வடஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கோழிகளை வளர்ப்போரிடையே ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகை முட்டைக்கோழிக் கூண்டுகள் 2012 தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டதும், அதற்கு முன்பே கூண்டுப் பண்ணைகளிலிருந்து கழிக்கப்பட்ட கோழிகளை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் தொண்டு அமைப்புகள் தோன்றியதும், அங்கே கோழி வளர்ப்பை வேலைக்குப் போகும் நகரத்தாரிடம் கொண்டு சேர்த்தன. அவர்களின் அன்றாடத்தோடு கோழியின் பொழுது ஒத்துப்போவதில்லை. லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிறது, டிசம்பர் நடுவிலோ பிற்பகல் 3.50க்கே மறைந்துவிடுகிறது. கோடையில் கோழி அடையும்வரை விழித்துக் காத்திருக்கவும், குளிர்காலத்தில் அலுவலகத்தில் இருக்கும்போதே கூட்டை மூடவும் எந்தக் குடும்பத்தாலும் ஆண்டு முழுதும் முடியாது. ஆகவே அந்த நாடுகளில் இக்கதவு சோம்பலால் பிறந்தது என்று சொல்வது நியாயமாகாது. அது நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வாழ்வதன் விளைவு.

கதவு யாரைத் தடுக்க வேண்டும் என்பதை அறியாமல் அதன் வடிவத்தைத் தீர்மானிக்க இயலாது. பிரிட்டனில் முதல் எதிரி செந்நரி. நகர்ப்புறத் தோட்டங்களிலும் குடியேறிவிட்ட இவ்விலங்கு, திறந்த கூட்டுக்குள் நுழைந்தால் ஒரு கோழியோடு நின்றுவிடுவதில்லை. தப்பியோட வழியில்லாத இரைகள் கூட்டமாக அகப்படும்போது, தின்னும் தேவைக்கு மேலாக எல்லாவற்றையும் கொன்றுபோடும் இந்த நடத்தையை உயிரியலாளர்கள் மிகைக்கொலை என்கின்றனர். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஹான்ஸ் க்ரூக் 1972இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படையானது. வடமேற்கு இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் முட்டையிடக் கூடும் கருந்தலைக் கடற்காகங்களை, அவை பறக்காமல் அமர்ந்திருக்கும் இருண்ட இரவுகளில், நரிகள் தின்னாமலே கொன்று விட்டுச்சென்றதை அவர் பதிவுசெய்தார். இரவில் கழியில் அமர்ந்த கோழியும் அதே நிலையில்தான் இருக்கிறது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது, ஓடவும் செய்யாது.

வட அமெரிக்காவில் நரியோடு ரக்கூனும் சேர்ந்துகொள்கிறது. விரல்கள் தனித்தனியாக அமைந்த முன்கால்களால் தாழ்ப்பாளை நீக்கவும், மேலும் கீழும் நகரும் கதவின் அடியில் விரல் நுழைத்துத் தூக்கவும் அதனால் முடியும். 1934இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் ஏடர் ஏரிப் பகுதியில் விடப்பட்ட ரக்கூன்களின் வழித்தோன்றல்கள் பெருகியதால், ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கும் இது உள்ளூர்ச் சிக்கலாகிவிட்டது. வலிமையால் பலகையையே பெயர்க்கும் பேட்ஜரும், மிகச் சிறிய இடைவெளியிலும் உடலை நெளித்து நுழையும் வீசல் போன்ற கீரிவடிவ விலங்குகளும் வேறுவகைக் கேள்விகளை எழுப்புகின்றன. நரிக்குப் போதுமான கதவு ரக்கூனுக்குப் போதாது. ரக்கூனைத் தடுக்கும் பூட்டுள்ள கதவும், அதைச் சுற்றியுள்ள சட்டத்தில் விரல் பருமன் இடைவெளி இருந்தால், வீசலைத் தடுக்காது. கதவுக்குப் பெருந்தொகை செலவிட்டுவிட்டுச் சுவரை மெல்லிய அறுகோணக் கோழிவலையோடு விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கானது. பகையை வெளியே நிறுத்த அரை அங்குலக் கண்கொண்ட, பற்றவைத்த கம்பிவலை வேண்டும்.

கோழியின் பக்கம் பார்த்தால், இக்கதவு செயல்படுவதே ஓர் இயல்பூக்கத்தை நம்பித்தான். வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இரவில் மரக்கிளைகளில் அடைவது. பகலொளியில் நிறங்களை மனிதனைவிட நுட்பமாகக் காணும் கோழியின் விழித்திரை, மங்கலில் உதவும் செல்களைக் குறைவாகவே பெற்றிருப்பதால், வெளிச்சம் இறங்கத் தொடங்கியதும் அது உயரமான, பழகிய இடத்தைத் தேடிச் செல்கிறது. யாரும் விரட்டாமலே கோழிகள் கூடு சேர்வதால்தான் பின்னால் கதவை மட்டும் மூடினால் போதுமாகிறது. இந்த அடிப்படை எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தாது. வாத்துகளுக்கு உயரத்தில் அடையும் தேவை இல்லாததால் அவை இருட்டிய பின்னும் நீர் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். கினிக்கோழிகளும் வான்கோழிகளும் கூட்டைவிட மரத்தையே விரும்பக்கூடும். வாத்துக்கூட்டுக்குத் தானியங்கிக் கதவு வாங்கிப் பொருத்தி நிம்மதியாக உறங்குவது அபாயமானது. வாத்துகளை ஓட்டி அடைக்க ஆள் வேண்டும்.

கதவுக்கு நேரத்தை அறிவிக்கும் வழிகள் மூன்று. குறித்த மணிக்கு இயங்கும் டைமர், வெளிச்சத்தின் அளவை உணரும் ஒளியுணரி, ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தேதியையும் கொண்டு அன்றன்றைய சூரிய உதய மறைவைக் கணக்கிட்டுக்கொள்ளும் கடிகாரம் என்பன அவை. டைமரின் எளிமை வெப்பமண்டலத்தில் பெரிய சிறப்பு. வடக்கே அதுவே பெரிய குறை. மார்ச் மாதத்தில் பிரிட்டனில் மாலைப்பொழுது ஒவ்வொரு வாரமும் பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் ஊர்க் கடிகாரமே ஒரு மணிநேரம் மாற்றப்படுகிறது. வளர்ப்பவர் திருத்தி வைக்க மறந்தால், கோழிகள் வெளியே இருக்கும்போதே கதவு மூடிவிடும். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமே பத்து லட்சம் நொடிக்கு இருபது நொடி அளவில் பிசகினால் ஓராண்டில் ஏறத்தாழப் பத்து நிமிடம் மாறிவிடும் என்பதையும், ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒளியுணரி கோழியின் கண்ணோடு ஏறத்தாழ ஒத்த அளவுகோலைப் பின்பற்றுவதால் கொள்கையளவில் இதுவே பொருத்தமானது. ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். தெளிந்த வானில் சூரியன் மறையும் தறுவாயில் சில நூறு லக்ஸ் இருக்கும் வெளிச்சம், சூரியன் தொடுவானத்துக்கு ஆறு பாகை கீழே இறங்கும்போது மூன்று லக்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்த இடைவேளைக்குள்தான் பெரும்பாலான கோழிகள் அடைகின்றன. முழுநிலவொளி ஒரு லக்ஸின் சிறு பங்கே ஆதலால் நிலவு உணரியை ஏமாற்றாது. ஏமாற்றுவது மனிதர் ஏற்றும் விளக்கு. வாசல் விளக்கோ தெருவிளக்கோ நேராக விழும் இடத்தில் உணரி இருந்தால் கதவுக்குப் பொழுதே சாயாது. அடர்ந்த மரநிழலில் அது இருந்தால் நேரத்துக்கு முன்பே மூடும். இடிமழைக்கு முந்தைய இருட்டைப் பற்றிய அச்சம் ஓரளவுக்கு மிகையானது; மூடும் வரம்பு சில லக்ஸ் அளவில் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால் பகல்நேர மேகம் அதைத் தொடுவது அரிது. வரம்பை மாற்றும் வசதி இல்லாத கதவுகளைத் தவிர்ப்பதே நல்லது.

காலையும் மாலையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது அனுபவமுள்ள வளர்ப்போர் பலர் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. அதுவே சரியானதும் ஆகும். மாலையில் நேரத்தைத் தீர்மானிப்பது கோழி. காலையில் தீர்மானிக்க வேண்டியவர் மனிதர். வடநாட்டுக் கோடையில் நாலரை மணிக்கே விடிந்துவிடும். அந்நேரம் நரி இரை தேடி முடிக்காத நேரம், ஊரும் எழாத நேரம். கதவு ஏழு மணிக்கு முன் திறக்காதபடி வைத்தால் இந்த ஆபத்து நீங்கும். காலைப்பொழுதிலேயே பெரும்பாலான முட்டைகள் இடப்படுவதால், சற்றுத் தாமதித்துத் திறக்கும்போது முட்டைகள் வேலியடியில் சிதறாமல் பெட்டியிலேயே கிடைக்கும் என்பது உபரி நன்மை. எனவே மாலையை ஒளியுணரியிடமோ சூரியக் கணக்கிடமோ விட்டு, காலையை டைமரிடம் ஒப்படைக்கும் கலப்பு முறையை அனுமதிக்கும் கருவியே, இவற்றில் ஒன்றை மட்டும் செம்மையாகச் செய்யும் கருவியைவிட மேலானது.

இயக்கமுறையில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்றில், காடிகளுக்கு இடையே மேலும் கீழும் நகரும் தகட்டை மோட்டார் கயிற்றால் இழுத்து ஏற்றுகிறது. மூடும்போது தகடு தன் எடையால் இறங்குகிறது. மற்றொன்றில், திருகாணித் தண்டோ பற்சட்டமோ தகட்டை இரு திசையிலும் வலிந்து நகர்த்துகிறது. முன்னதன் விசைக்கு இயல்பான எல்லை உண்டு. 30 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட அலுமினியத் தகட்டின் எடை 570 கிராம் அளவே. இடையே ஒரு வெடைக்கோழி நின்றாலும் அந்த எடை அதை நசுக்காது. ஆனால் அரைக்கிலோவைச் சற்று மிஞ்சும் தகட்டைத் தூக்க ரக்கூனுக்குச் சிரமம் ஏது? மூடியபின் தகட்டைப் பூட்டும் கொக்கி கொண்ட வகைகள் இதற்காகவே வந்தன. பின்னதில் திருகாணியே பூட்டாக நிற்பதால் வெளியிலிருந்து தூக்க முடியாது. ஆனால் அது தள்ளும் விசை பெரிது. தடை எதிர்ப்பட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் உயர்வதைக் கண்டு நின்று திரும்பும் பாதுகாப்பு இல்லாத திருகாணிக் கதவைக் குஞ்சுகள் நடமாடும் கூட்டில் பொருத்தக் கூடாது. வாங்கிய அன்றே, மூடும் கதவின் கீழ் ஒரு சுருட்டிய துணியை வைத்து, அது எவ்வளவு அழுத்தியபின் திரும்புகிறது என்று கையால் அறிந்துகொள்ளலாம்.

பழுதுகள் பெரும்பாலும் மின்னணுவில் தொடங்குவதில்லை. கதவின் அடிக்காடியில் தொடங்குகின்றன. தகட்டின் கீழ்விளிம்பு ஒரு காடிக்குள் இறங்கினால் ரக்கூனின் விரல் நுழையாது என்பதால் அப்படி அமைக்கிறார்கள். ஆனால் கோழிகள் கூட்டுக்குள் கிளறும் ஆழ்கூளத்தின் உமியும் மரத்தூளும் எச்சமும் முதலில் சேரும் இடமும் அதுவே. விரற்கடை உயரம் கூளம் சேர்ந்ததும், தடையுணரும் கதவு அதைக் கோழி என்று எண்ணித் திரும்பிவிடுகிறது. சில முறை முயன்றபின் திறந்தபடியே நின்றுவிடுகிறது. கயிற்றுக் கதவில் நேர்வது இன்னும் விசித்திரமானது. ஈரத்தில் உப்பிய ஒட்டுப்பலகைக் கதவு காடியில் இறுகி இறங்காமல் நிற்க, அதை அறியாத மோட்டார் கயிற்றை முழுதும் விட்டுவிட்டு மேலும் சுழலும். கயிறு உருளையில் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். அன்றுமுதல் கதவு மாலையில் திறந்து காலையில் மூடும். தகட்டின் இருப்பைக் காந்தமும் காந்தவிசையால் இணையும் சுவிட்சும் கொண்டு உறுதிசெய்யும் கதவுகள் இக்குழப்பத்துக்கு ஆளாவதில்லை. அடிக்காடியை முழு நீளத்துக்கும் மூடாமல், கூளம் விழுந்து வெளியேறும்படி நடுவில் வெட்டிவிடுவதும், உட்புறத்தில் சாண் உயரப் பலகை வைத்துக் கூளத்தைத் தள்ளி நிறுத்துவதும் செலவில்லாத தீர்வுகள். கடுங்குளிர் நாடுகளில் காடியில் நீர் உறைந்து தகட்டைப் பிடித்துக்கொள்வதால், அங்கே பக்கவாட்டில் கீல் வைத்துத் திறக்கும் கதவுகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அவற்றுக்கோ பனிக்குவியல் பகை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கதவை நகர்த்தச் செலவாவது சிறிது. நாள் முழுதும் விழித்திருக்கச் செலவாவதே கணக்கில் பெரிது. 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நான்கு பென்சில் பேட்டரிகளைத் தொடராக இணைத்த ஒரு கதவு, காத்திருப்பில் ஒரு மில்லி ஆம்பியரை இழுத்தால், ஒருமுறைகூடத் திறக்காமலே 83 நாளில் அவற்றைத் தீர்த்துவிடும். பத்தில் ஒரு பங்கை இழுக்கும் சுற்று இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கும். விளம்பரங்களில் மோட்டாரின் வலிமை பெரிதாக எழுதப்பட்டிருக்கும். காத்திருப்பு மின்னோட்டத்தையே தேடிப் படிக்க வேண்டும். சோலார் தகடு வடஐரோப்பியக் குளிர்காலத்தில், அதுவும் மரநிழலில், நம்பத்தக்கதல்ல. கொள்ளளவு தாழ்ந்த பேட்டரி தன் கடைசி ஆற்றலில் கதவைத் திறந்து நிற்க வேண்டுமா, மூடி நிற்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூடி நிற்பது கோழியைப் பகையிடமிருந்து காக்கும், கோடை வெயிலில் காற்றோட்டமில்லாத கூட்டில் கொல்லவும் செய்யும். கூட்டில் கம்பிவலைச் சாளரமும் உள்ளே தண்ணீரும் இருந்தால் மூடி நிற்பதே குறைந்த தீங்கு.

வாயிலின் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு முட்டைக்கோழிச் சட்டம் ஒரு பயனுள்ள அளவுகோலைத் தருகிறது. வெளி மேய்ச்சலுக்கான வாயில் 35 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் குறையாமல் இருக்க வேண்டும், ஆயிரம் கோழிக்கு மொத்தம் 2 மீட்டர் வாயில் வேண்டும் என்பது அதன் விதி. நாலைந்து கோழிகளுக்கு இதைவிடக் குறுகிய வாயிலும் போதும். ஆனால் குறுகிய வாயிலில் மூத்த கோழி குறுக்கே நின்று இளையவற்றைக் கொத்தி விரட்டும். அப்படி விரட்டப்பட்டதுதான் கதவு மூடும்போது வெளியே நிற்கும். புதிதாகச் சேர்த்த கோழிகளை ஒரு வாரமாவது கூட்டுக்குள்ளேயே வைத்து இடம் பழக்கியபின்தான் கதவை நம்பி விட வேண்டும். இருட்டு வரம்பை எட்டியபின் சில நிமிடம் தாமதித்து மூடும் வசதியும், மூடிய பத்து நிமிடத்தில் மறுபடி சிறிது நேரம் திறக்கும் வசதியும் பின்தங்கிய கோழிக்கு இரண்டாம் வாய்ப்பைத் தருகின்றன. கூட்டுக்குள் மங்கலான ஒரு விளக்கை அந்நேரத்துக்கு மட்டும் எரியவிடுவது அதைவிடச் சிறந்த உபாயம்.

தானியக்கத்தை நிறுத்திக் கதவை மூடியே வைக்கும் வசதியும் கட்டாயம் தேவை. பறவைக் காய்ச்சல் பரவலின்போது இங்கிலாந்தில் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை எல்லா வளர்ப்புப் பறவைகளையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று ஆணை இருந்தது. ஒரு பொத்தானால் அடங்காத கதவு அத்தகைய மாதங்களில் சட்டத்தை மீறித் திறந்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இக்கதவு தேவையா என்ற கேள்விக்கு விடை வளர்ப்பு முறையைப் பொறுத்தது. நாமக்கல் பகுதியின் முட்டைப் பண்ணைகளில் கோழிகள் கூண்டில் இருப்பதால் இதற்கு அங்கே இடமில்லை. புறக்கடை வளர்ப்பிலும் மேய்ச்சலோடு கூடிய நாட்டுக்கோழிப் பண்ணைகளிலும் இடமுண்டு. காட்டுப்பூனை, மரநாய், குள்ளநரி, தெருநாய், குஞ்சுகளைக் கொல்லும் பெருச்சாளி, முட்டைக்கு வரும் சாரைப்பாம்பு எனப் பகைகளின் வரிசை இங்கும் நீளமானது. இவற்றுள் பாம்புக்கும் பெருச்சாளிக்கும் கதவைவிடச் சட்டத்தின் இடைவெளியே வழி என்பதால், விளிம்பு இறுக்கமாகப் பொருந்துவது இங்கே கூடுதல் முக்கியம். பகலில் வரும் கீரிக்கு எந்தத் தானியங்கிக் கதவும் விடையல்ல.

சூரியன் இங்கே கருணை காட்டுகிறது. சென்னையில் மறைவு நேரம் நவம்பரில் 5.40, ஜூலையில் 6.40 என்று ஆண்டு முழுதும் ஒரு மணிநேர எல்லைக்குள்ளேயே ஊசலாடுகிறது. ஆகவே லண்டனில் பயன்படாத எளிய டைமர், இங்கே ஆண்டுக்கு நாலைந்து முறை திருத்தினாலே போதுமான கருவியாகிவிடுகிறது. ஆனால் அந்தி இங்கே குறுகியது. சூரியன் மறைந்து ஆறு பாகை இறங்க லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணிநேரம் ஆகும். சென்னையில் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வடநாட்டுத் தாமத நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரும் இறக்குமதிக் கதவு, இங்கே நல்ல இருட்டில் நெடுநேரம் திறந்து கிடக்கும். வெப்பம் மற்றொரு வேறுபாடு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் கூடு வெந்துகொண்டிருக்கும்போது நாட்டுக்கோழி வேப்பமரத்தில்தான் ஏறும். அதைக் கூட்டுக்கு வரவைப்பது கதவின் வேலையல்ல, கூரையையும் காற்றோட்டத்தையும் திருத்துபவரின் வேலை. கதவு மூடியபின் ஒரு நடை போய்க் கோழிகளை எண்ணும் வழக்கம் எந்த நாட்டிலும் கைவிடத்தக்கதல்ல.

ஊரகப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டங்களை அரசு நடத்தும் இம்மாநிலத்தில், அக்குஞ்சுகளை இரவில் காக்கும் மலிவான கதவு ஒன்றுக்கும் முயற்சி எடுக்கப்பட வேண்டும். அதற்குக் கைப்பேசிச் செயலியோ செயற்கைக்கோள் கணக்கோ தேவையில்லை. ஒரு டைமர், அரைக்கிலோ அலுமினியத் தகடு, தடைபட்டால் நிற்கும் சிறிய மோட்டார், கூளம் தங்காத காடி, இறுக்கமான விளிம்பு ஆகியவை போதும். மோட்டார்த் தொழிலில் பெயர்பெற்ற கோயம்புத்தூரின் பட்டறைகளும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கைகோத்தால், இறக்குமதிக் கதவுக்காக யாரும் காத்திருக்க வேண்டியிராது.